மெம்பிஸில் அது மாலை நேரம்: ராக் குழுக்கள் மேடையில் வரிகளை மாற்றுவது ஏன்?

என் அக்கா மகனுக்குக் கிட்டார் என்றால் உயிர். பாலக்காடு மாவட்டத்துக் கொழிஞ்சாம்பாறையில் பிளஸ் டூ படித்துக்கொண்டிருந்தபோது, யு2 என்ற ஐரிஷ் குழுவின் ‘பிரைட்’ பாட்டை ஒரு மாதம் விடாமல் கேட்டுச் சொல்லுக்குச் சொல் மனப்பாடம் செய்திருந்தான். ஒரு நாள் சாயங்காலம் போனைத் தூக்கிக்கொண்டு வந்தான். அதே பாட்டை ஒரு பெரிய மைதானத்தில் அந்தக் குழுவின் பாடகர் போனோ பாடும் வீடியோ.

“மாமா, இவரு சொந்தப் பாட்டையே தப்பாப் பாடறாருங்க” என்றான்.

இரண்டையும் போட்டுக் கேட்டோம். அவன் சொன்னது பாதி சரி. மேடையில் ஒரு சொல் வேறாகத்தான் இருந்தது. ஆனால் தப்பு இருந்தது மேடையில் அல்ல, ஒலிப்பதிவில். 1984ல் வந்த அந்தப் பாட்டு மார்ட்டின் லூதர் கிங்கின் கொலையைப் பற்றியது. ஏப்ரல் 4ஆம் தேதி அதிகாலையில் மெம்பிஸ் வானத்தில் துப்பாக்கி வெடித்தது என்று பதிவில் ஒரு வரி வரும். கிங் சுடப்பட்டதோ 1968 ஏப்ரல் 4, மாலை 6 மணி 1 நிமிடத்துக்கு, லொரைன் மோட்டலின் மாடி வராந்தாவில் நின்றுகொண்டிருந்தபோது. போனோ பிற்பாடு பல மேடைகளில் ‘காலை’யை எடுத்துவிட்டு ‘மாலை’ என்று பாடினார். பதிவு பதிவாகவே உலகமெங்கும் சுற்றிக்கொண்டிருக்கிறது, திருத்தம் மேடைக்கு வந்து கேட்டவர்களுக்குக் கிடைத்தது.

பையன் அன்று கேட்ட கேள்வி எனக்குள் தங்கிவிட்டது. ஒரு பாட்டின் வரிகள் எங்கே இருக்கின்றன, கேசட்டிலா, பாடுகிறவர் வாயிலா?

நமக்கு இந்தக் கேள்வி எழுவதற்கே ஒரு காரணம் இருக்கிறது. நாம் சினிமாப் பாட்டில் வளர்ந்தவர்கள். சினிமாப் பாட்டுக்கு வரி எழுதுபவர் ஒருவர், மெட்டுப் போடுபவர் ஒருவர், பாடுபவர் இன்னொருவர். கச்சேரி மேடையில் நிற்கும் பாடகருக்கு அந்த வரிகள் ஒப்படைக்கப்பட்ட பொருள் மாதிரி. பத்திரமாகக் கொண்டுவந்து சேர்க்க வேண்டும், அவ்வளவுதான். எங்கள் பக்கத்துக் கோயில் விசேஷங்களில் நடக்கும் கானமேளாவில் பாடகர் அதிகபட்சம் ஓர் ஊர்ப் பெயரை மாற்றுவார். படத்தில் வரும் ஊரை எடுத்துவிட்டு ‘கொழிஞ்சாம்பாறை’ என்று பாடுவார், கூட்டம் விசிலடிக்கும். அதற்கு மேல் கை வைத்தால் சங்கடம்தான். 1957ஆம் வருடத்துப் பதிப்புரிமைச் சட்டத்தின் 57ஆம் பிரிவு, உரிமையை விற்றுவிட்ட பிறகும்கூட, தன் படைப்பைத் தன் பெயருக்குக் கேடு வரும்படி சிதைப்பதைத் தடுக்கும் உரிமையை எழுதியவரிடமே விட்டு வைத்திருக்கிறது. 2012 திருத்தத்தில் வந்த 31சி பிரிவு இன்னும் நேராகவே பேசுகிறது. ஒரு பாட்டைப் புதிதாகப் பாடிக் கவர் பதிவாக வெளியிடுகிறவர், உரிமை வைத்திருப்பவரின் சம்மதமில்லாமல் வரியையோ மெட்டையோ மாற்றக்கூடாது. பதிவு செய்வதற்குத் தொழில்நுட்ப ரீதியில் தேவைப்படும் மாற்றம் மட்டும் விலக்கு.

ராக் குழுக்களில் நிலைமை வேறு. அங்கே மைக்கின் முன்னால் நிற்பவர்தான் பெரும்பாலும் அந்த வரிகளை எழுதியவர். இருபது வயதில் எழுதியதை அறுபது வயதிலும் அவரே பாடுகிறார். மாற்றத் தோன்றினால் யாரிடமும் அனுமதி கேட்க வேண்டியதில்லை. என் பார்வையில் மற்ற எல்லாக் காரணங்களுக்கும் அடியில் இருப்பது இதுதான். எதிர்ப்பக்கத்து உதாரணம் ஒன்று சொன்னால் புரியும். எல்டன் ஜானின் ‘கேண்டில் இன் த விண்ட்’ 1973ல் மர்லின் மன்றோவை நினைத்து எழுதப்பட்டது. 1997 செப்டம்பர் 6ஆம் தேதி டயானாவின் இறுதிச் சடங்கில் அதை மாற்றிப் பாட வேண்டி வந்தபோது, எல்டன் ஜான் தானாக எதையும் மாற்றவில்லை. மூலத்தை எழுதிய பெர்னி டாபினையே கேட்டார். அவர்தான் புது வரிகளை எழுதிக் கொடுத்தார். வாயும் பேனாவும் வேறு வேறு ஆளிடம் இருந்தால் வழி இப்படித்தான் சுற்றிப் போகும்.

இரண்டும் ஒரே ஆளிடம் இருந்தால் என்ன ஆகும் என்பதற்கு பாப் டிலன் சாட்சி. அவருடைய ‘டாங்கில்ட் அப் இன் புளூ’ 1975ல் வெளிவந்தது. வெளிவருவதற்கு முன்பே அது மாறிவிட்டது. 1974 செப்டம்பரில் நியூயார்க்கில் ஒரு முறை பதிவு செய்தார், டிசம்பரில் மினியாபோலிஸில் மறுபடி பதிவு செய்தார். முதல் பதிவில் ‘அவன்’ என்று இருந்த இடங்களில் சில, இரண்டாவதில் ‘நான்’ ஆகிவிட்டன. அப்புறம் 1984ல் ஐரோப்பியச் சுற்றுப்பயணத்தில் பெரும்பகுதியைப் புதிதாகவே எழுதிப் பாடினார். ‘ரியல் லைவ்’ என்ற ஆல்பத்தில் அதைக் கேட்கலாம். கதை அதே கதை. பழைய காதலியை எங்கெங்கோ சந்தித்துப் பிரிகிற ஒருவனின் கதை. ஆனால் நடக்கும் சம்பவங்கள் வேறு, யார் யாரை விட்டுப் போனார்கள் என்கிற கணக்கு வேறு. ஒருவர் தன் வாழ்க்கையைப் பத்து வருடம் கழித்துத் திரும்பச் சொல்லும்போது எப்படிச் சொல்வாரோ அப்படி இருக்கிறது. நம் வீட்டுப் பெரியவர்கள் ஒரே சம்பவத்தை ஒவ்வொரு பொங்கலுக்கும் வேறு மாதிரிச் சொல்வதைக் கேட்டு வளர்ந்தவர்களுக்கு இது சட்டென்று பிடிபடும். அவர்கள் பொய் சொல்வதில்லை. சொல்லும் ஆள் அதற்குள் மாறியிருப்பார்.

பாலக்காட்டில் இருப்பவனுக்கு இதை விளங்கிக்கொள்ள அமெரிக்கா வரைக்கும் போக வேண்டிய அவசியமே இல்லை. ஒற்றப்பாலம், ஷொர்ணூர் பக்கத்துப் பகவதி காவுகளில், அதாவது அம்மன் கோயில்களில், தோல்பாவைக்கூத்து நடக்கும். கூத்துமாடத்தில் வெள்ளைத் திரை கட்டி, பின்னால் 21 விளக்குகளை வரிசையாக ஏற்றி, தோல் பொம்மைகளின் நிழலில் ராமாயணம் நடத்துவார்கள். சில காவுகளில் ஏழு இரவு, சிலவற்றில் பதினான்கு, இருபத்தொன்று. அங்கே பாடப்படுவது கம்பன். கேரளத்துக் காவில், மலையாளம் பேசும் புலவர்கள் வாயில், தமிழ்க் கம்பன். ஆனால் அச்சடித்த கம்பராமாயணத்தை மடியில் வைத்துக்கொண்டு கேட்டால் பல இடங்களில் ஒத்து வராது. சொற்கள் மலையாள நாக்குக்கு ஏற்ப வளைந்திருக்கும், நடுவே மலையாளச் சொற்களே வந்து உட்கார்ந்திருக்கும். பாட்டுக்கும் பாட்டுக்கும் இடையில் புலவர் சொல்லும் விளக்கமும் வாதமும் அந்த இரவுக்கும் அந்தப் புலவருக்கும் உரியவை. தலைமுறை தலைமுறையாக வாய்வழியே வந்ததை ‘ஆடல்பற்று’ என்கிறார்கள். முதல் முறை கேட்டபோது ‘இது கம்பன் இல்லையே’ என்று நான் நினைத்தது உண்மை. இப்போது அப்படி நினைப்பதில்லை. நூற்றாண்டுகளாக ஒரு வேற்று மண்ணில் கம்பன் உயிரோடு இருந்தது இப்படி மாறிக்கொண்டதால்தான்.

அப்படிப் பார்த்தால், ஒரு பாட்டுக்கு ஒரே வடிவம்தான் உண்டு, அதை அப்படியே திரும்பக் கொடுக்க வேண்டும் என்ற எதிர்பார்ப்பு ரொம்பப் புதியது. இசைத்தட்டும் கேசட்டும் வந்த பிறகு பிறந்தது. ஒரு குழு ஸ்டுடியோவில் ஏதோ ஒரு நாள் பாடிய பாட்டு, ஆயிரம் முறை கேட்டுக் கேட்டு நம் காதில் கல்வெட்டாகிவிடுகிறது. பாடியவருக்கோ அது பத்தோடு பதினொன்றாவது தடவை.

சரி, மாற்றங்கள் எல்லாம் ஒரே ரகமா என்றால் இல்லை. வெளியிலிருந்து கழுத்தைப் பிடித்து மாற்ற வைப்பதும் உண்டு. 1967 ஜனவரி 15ஆம் தேதி ரோலிங் ஸ்டோன்ஸ் குழு அமெரிக்காவின் எட் சல்லிவன் தொலைக்காட்சி நிகழ்ச்சிக்குப் போனது. ‘இரவைச் சேர்ந்து கழிப்போம்’ என்ற பாட்டைப் பாட வேண்டும். குடும்பத்தோடு பார்க்கிற நிகழ்ச்சி என்று சொல்லி ‘இரவை’ என்பதை ‘கொஞ்ச நேரத்தை’ என்று மாற்றச் சொன்னார்கள். மிக் ஜாகர் மாற்றித்தான் பாடினார். அந்த வரி வரும்போதெல்லாம் கண்களை மேலே உருட்டினார். அதே வருடம் செப்டம்பர் 17ஆம் தேதி டோர்ஸ் குழு அதே மேடைக்கு வந்தது. ‘லைட் மை ஃபயர்’ பாட்டில் போதையைக் குறிப்பதுபோல் ஒலித்த ஒரு சொல்லை மாற்றும்படி கேட்டார்கள். பாடகர் ஜிம் மாரிசன் மூலத்தில் இருந்தபடியே பாடினார். அதற்குப் பிறகு அந்த நிகழ்ச்சிக்கு அவர்களைக் கூப்பிடவேயில்லை. ஸ்டோன்ஸ் கதை அதோடு முடியவில்லை. 2006ல் அவர்கள் சீனாவில் முதல் முறையாக ஷாங்காயில் மேடையேறியபோது, பாடக்கூடாது என்று அதிகாரிகள் சொன்ன பாட்டுகளில் அதே ‘இரவு’ப் பாட்டும் இருந்தது. நாற்பது வருடம் கழித்து, வேறொரு நாட்டில், அதே ஒரு சொல்.

அமெரிக்காவின் நிர்வாணா குழு 1991ல் பிரிட்டிஷ் தொலைக்காட்சியின் ‘டாப் ஆஃப் த பாப்ஸ்’ நிகழ்ச்சியில் நடந்துகொண்ட விதம் இன்னொரு வகை. வாத்தியங்களை வாசிப்பதுபோல் பாவனை மட்டும் செய்ய வேண்டும், குரல் மட்டும் நேரலை என்பது அங்கே விதி. கர்ட் கோபேன் கிட்டாரை வாசிக்காமல் சும்மா தட்டிக்கொண்டு, குரலை அடித்தொண்டைக்கு இறக்கி, முதல் வரியையே கொடூரமாகத் திருப்பிப் பாடினார். அவரிடம் அவர்கள் விட்டு வைத்தது குரலும் சொல்லும்தான். எதிர்ப்பையும் அதிலேயே காட்டினார்.

என்னை அதிகம் யோசிக்க வைப்பவை பாடகர்கள் தாங்களாகவே மாற்றிக்கொண்ட வரிகள். ஸ்டோன்ஸின் ‘பிரவுன் ஷுகர்’ 1971ல் வந்தது. அடிமைக் கப்பல், அடிமைச் சந்தை, அடிமைப் பெண்களைச் சவுக்கால் அடிப்பவன் எல்லாம் அதில் உண்டு, துள்ளலான தாளத்தில். இன்றைக்கு அப்படி ஒரு பாட்டை எழுத மாட்டேன் என்று ஜாகரே 1995ல் ஒரு பேட்டியில் சொன்னார். மேடையில் அந்தச் சவுக்கு வரியை மழுப்பிப் பாடத் தொடங்கினார். கடைசியில் 2021 சுற்றுப்பயணத்தில் பாட்டையே விட்டுவிட்டார்கள். பாரமோர் குழுவின் ஹெய்லி வில்லியம்ஸ் கதை இதற்குக் கொஞ்சம் நெருக்கமானது. பதின்ம வயதில் எழுதிய ‘மிசரி பிசினஸ்’ பாட்டில் இன்னொரு பெண்ணை இழிவாகப் பேசும் ஒரு வரி. வளர்ந்த பிறகு அது அவருக்கே உறுத்தியது. 2018ல் இந்தப் பாட்டைக் கொஞ்ச காலத்துக்கு நிறுத்தி வைக்கிறோம் என்று மேடையிலேயே அறிவித்தார். 2022ல் பாட்டு திரும்ப வந்தது, அந்தச் சொல்லைத் தான் பாடாமல்.

எனக்கு இதில் ஒரு தெளிவான கருத்து உண்டு. மழுப்புவதைவிட நிறுத்துவது மேல். நிறுத்துவதைவிட, ஏன் மாற்றுகிறேன் என்று கேட்பவர் முகத்தைப் பார்த்துச் சொல்லிவிட்டு மாற்றுவது மேல். சவுக்கு வரியைச் சத்தமில்லாமல் இன்னொரு வரியால் மூடினால், பாட்டில் என்ன இருந்தது என்பதே புதிதாகக் கேட்பவருக்குத் தெரியாமல் போகும். தாளம் மட்டும் மிஞ்சும். வில்லியம்ஸ் செய்தது நேர்மையாக எனக்குப் படுகிறது. பழைய வரி பதிவில் இருக்கிறது, அதை எழுதிய பெண் வளர்ந்துவிட்டாள் என்பது மேடையில் தெரிகிறது.

அரசியலுக்காக மாற்றுவது தனி ரகம். பீட்டில்ஸ் குழுவில் இருந்த ஜான் லெனன் 1972 ஆகஸ்ட் 30ஆம் தேதி நியூயார்க்கின் மேடிசன் ஸ்கொயர் கார்டனில் ‘கம் டுகெதர்’ பாடும்போது ‘போரை நிறுத்து’ என்று சேர்த்துக் கத்தினார். வியட்நாம் போர் நடந்துகொண்டிருந்த காலம். கூட்டத்துக்கு விளக்கம் தேவைப்படவில்லை. கிரீன் டே குழுவின் ‘அமெரிக்கன் இடியட்’ 2004ல் ஈராக் போர்க் காலத்தில் எழுதப்பட்டது. 2023 டிசம்பர் 31ஆம் தேதி இரவு, புத்தாண்டுத் தொலைக்காட்சி நிகழ்ச்சியில் பில்லி ஜோ ஆம்ஸ்ட்ராங் அதில் ஒரு சொல்லை மாற்றி, டிரம்ப் ஆதரவாளர்களின் முழக்கமான ‘மாகா’வைப் போட்டுப் பாடினார். அதற்கு முன்பும் மேடைகளில் அப்படிப் பாடியிருந்தவர்தான். ஆனால் அன்று வீடு வீடாகப் போய்ச் சேர்ந்ததால் பெரிய சண்டையாகிவிட்டது. இருபது வருடத்துப் பழைய கோபத்துக்கு அவர் புது முகவரி எழுதினார். இப்படிப்பட்ட மாற்றத்துக்கு ஆயுள் குறைவு என்பது உண்மை. இன்னும் பத்து வருடத்தில் அந்தச் சொல்லுக்கு அடிக்குறிப்பு தேவைப்படலாம். அதனால் அது தாழ்ந்தது என்று நான் சொல்ல மாட்டேன். எங்கள் ஊர்த் திருவிழாவில் பாட்டுக்காரர் அந்த வருடத்துக் குடிநீர்ப் பிரச்சினையைப் பாட்டுக்குள் நுழைத்தால், அடுத்த வருடம் அது தேவைப்படாமல் போக வேண்டும் என்றுதானே நுழைக்கிறார்?

கேட்பவர்களே வரியை மாற்றிய கதையும் உண்டு. கிரீடன்ஸ் கிளியர்வாட்டர் ரிவைவல் குழுவின் 1969ஆம் வருடத்துப் பாட்டில், ‘கெட்ட நிலா எழுகிறது’ என்ற வரி ஆங்கிலத்தில் பலர் காதுக்கு ‘வலது பக்கம் குளியலறை இருக்கிறது’ என்று விழுந்தது. அதை எழுதிய ஜான் ஃபோகர்ட்டி கோபித்துக்கொள்ளவில்லை. பிற்காலத்தில் மேடைகளில் அவரே அந்தத் தவறான வரியைப் பாடிச் சிரித்தார். 1998ல் வந்த அவருடைய நேரலை ஆல்பத்தில் அது பதிவாகியும் இருக்கிறது.

பேர்ல் ஜாம் குழுவின் ‘அலைவ்’ பாட்டில் ஒரு சொல்கூட மாறவில்லை. பொருள் தலைகீழாக மாறிவிட்டது. அப்பா என்று நினைத்திருந்தவர் அப்பா இல்லை, உண்மையான அப்பா இறந்தே போய்விட்டார் என்று ஒரு பையனுக்குத் தெரியவருவதுதான் கதை. அது பாடகர் எடி வெடரின் சொந்தக் கதையை ஒட்டியது. ‘நான் இன்னும் உயிரோடிருக்கிறேன்’ என்ற பல்லவி அந்தப் பையனுக்குச் சாபமாகத்தான் எழுதப்பட்டது. 1991ல் ஆல்பம் வந்த பிறகு, ஆயிரக்கணக்கானவர்கள் அந்த வரியைக் கையை உயர்த்திக் கொண்டாட்டமாகச் சேர்ந்து பாடத் தொடங்கினார்கள். கேட்டவர்கள்தான் அந்தப் பாட்டின் பொருளை மாற்றித் தன் மேலிருந்த சாபத்தை நீக்கினார்கள் என்று 2006ல் ஒரு மேடை நிகழ்ச்சியில் வெடர் சொன்னார். அதைப் பார்த்த இரவு எனக்குத் தூக்கம் வர நேரமானது.

சாதாரணக் காரணங்களும் உண்டு. மறதி, மூச்சுத் திணறல், வயதாகி இறங்கிப்போன குரல். 1969 ஜனவரி 30ஆம் தேதி லண்டனில் தங்கள் அலுவலகத்தின் மொட்டை மாடியில் பீட்டில்ஸ் வாசித்தபோது, லெனனுக்கு ஒரு பாட்டில் வரி மறந்துவிட்டது. நிறுத்தவில்லை. அர்த்தமே இல்லாத ஒலிகளை அதே மெட்டில் போட்டு நிரப்பிவிட்டுப் போனார். சற்று நேரத்தில் போலீஸ் மாடிக்கு வந்தது. மெக்கார்ட்னி பாடிக்கொண்டிருந்த ‘கெட் பேக்’ பாட்டுக்குள்ளேயே, மாடியில் விளையாடினால் அம்மா உன்னைப் பிடித்துக் கொடுத்துவிடுவாள் என்று சேர்த்துக்கொண்டார். இந்தக் கலை நம் கானமேளாப் பாடகர்களுக்கும் நன்றாகவே தெரியும். கரண்ட் போய் ஜெனரேட்டர் ஓடும் அந்த இடைவெளியில் அவர்கள் வாய்க்கு வரும் வரிகளைத் தொகுத்தால் தனிப் புத்தகமே போடலாம்.

இன்றைய கேரளக் குழுக்களுக்கு இந்தப் பழக்கம் எங்கிருந்து வருகிறது என்று யோசித்தால், வழி ராக்கிலிருந்து மட்டும் வரவில்லை. மசாலா காஃபி குழு பாடிப் பரவலான ‘காந்தா, ஞானும் வராம்’ பாட்டை எடுத்துக்கொள்ளுங்கள். திரிச்சூர் பூரத்துக்குத் தன்னையும் கூட்டிப் போகச் சொல்லி மனைவி கணவனிடம் கெஞ்சும் ஊர்ப்பாட்டு. பூரத்தில் பார்க்க ஆசைப்படுவதை ஒவ்வொன்றாகச் சொல்லிக்கொண்டே போகும் அமைப்பு. இப்படி அடுக்கிக்கொண்டு போகும் பாட்டுகளுக்கு முடிவு கிடையாது; பாடுபவருக்கு இன்னொன்று தோன்றினால் இன்னொரு வரி. டிரம்ஸும் கிட்டாரும் சேர்ந்தாலும் அந்தத் திறந்த வாசல் அப்படியே இருக்கிறது.

அக்கா மகன் இப்போது கல்லூரியில் படிக்கிறான். நான்கு பையன்கள் சேர்ந்து ஒரு குழு வைத்திருக்கிறார்கள். சொந்தமாக ஒரே ஒரு பாட்டு இருக்கிறது, கணவாய்க் காற்றைப் பற்றி. ஜூன் மாதத்தில், பாலக்காட்டுக் கணவாய் வழியே மழையை இழுத்துக்கொண்டு காற்று அடித்த நாட்களில் எழுதியது. ‘மேக்காலக் காத்து’ என்றுதான் பல்லவி தொடங்கும். தை மாதத்தில் பக்கத்து ஊர்க் கோயில் விசேஷத்தில் வாய்ப்புக் கிடைத்தது. என் அம்மா முன்வரிசையில் உட்கார்ந்து கேட்டார். தையில் எங்கள் பக்கம் அடிப்பது கிழக்கிலிருந்து வரும் வறண்ட காற்று, உதட்டை வெடிக்க வைக்கும் காற்று. பாட்டு முடிந்து அவன் இறங்கி வந்ததும் அம்மா கேட்டார்.

“ஏன் கண்ணு, தை மாசத்துல மேக்காலக் காத்து எங்கிருந்து வரும்?”

அவன் பதில் சொல்லவில்லை. அடுத்த வாரம் வேலந்தாவளம் தாண்டி, கோயம்புத்தூர்ப் பக்கம் ஒரு கல்லூரியில் பாடினார்கள். நானும் போயிருந்தேன். ‘கெழக்காலக் காத்து’ என்று தொடங்கினான். ஒரு அசை கூடியதால் முதல் அடியில் தாளம் கொஞ்சம் தடுமாறியது. டிரம்ஸ் அடிக்கும் பையன் நிமிர்ந்து பார்த்துவிட்டுப் பிடித்துக்கொண்டான். நிகழ்ச்சி முடிந்து வயர்களைச் சுருட்டும்போது, ஆம்ப் மேல் ஒட்டியிருந்த வரித்தாளைப் பார்த்தேன். ‘மேக்கால’ என்று எழுதியிருந்ததை அவன் அடிக்கவில்லை. அதற்கு மேலே சின்ன எழுத்தில் ‘கெழக்கால’ என்று எழுதி, பக்கத்தில் ‘மார்கழி முதல்’ என்று குறித்து வைத்திருந்தான்.